வணிகச் சட்ட நிறுவனங்களில் பயிற்சி இடம்: பினாங்கு மாணவர் அறிய வேண்டுவன

சட்டக் கல்வியை முடித்த ஒருவர் நீதிமன்றத்தில் பிறருக்காக வாதாடும் உரிமையைப் பெறுவதற்கு முன், தொழிலில் பழுத்த ஒரு வழக்கறிஞரின் கீழ் குறிப்பிட்ட காலம் அமர்ந்து வேலை பழக வேண்டும் என்பது மலேசியாவில் சட்டமே வகுத்துள்ள நெறியாகும். பேச்சு வழக்கில் ‘சேம்பரிங்’ எனப்படும் இக்காலத்தில் பயில்பவர் பயிற்சி வழக்கறிஞர் என்றும், அவரை ஏற்றுப் பழக்குபவர் மாஸ்டர் என்றும் அழைக்கப்படுகின்றனர். ஆண்டுதோறும் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பட்டம் பெற்றுத் திரும்பும் பினாங்கு மாணவர்களுள் பலர் நிறுவனங்களை, ஒப்பந்தங்களை, வங்கிக் கடன்களை, நிலப் பரிமாற்றங்களைக் கையாளும் வணிகச் சட்ட நிறுவனங்களில் இந்த இடத்தைப் பெற விரும்புகின்றனர். ஆனால் அதற்கான விண்ணப்பத்தைச் சம்பள வேலைக்கு எழுதும் விண்ணப்பம் போலவே எண்ணி, ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றிப் பல அலுவலகங்களுக்கு அனுப்புகின்றனர். பயிற்சி இடம் தேடுவது ஓர் ஆசிரியரைத் தேடுவதே என்பதும், அத்தேடல் விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியிலும் வெளிப்பட வேண்டும் என்பதும் இவ்வுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

இக்கருத்துக்கு அடிப்படை சட்டத்திலேயே உள்ளது. தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்துவது 1976ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. இச்சட்டத்தின்படி, முதலில் ஒருவர் ‘தகுதி பெற்றவர்’ என்னும் நிலையை அடைய வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம் போன்று ஏற்பு பெற்ற உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டத்தாலோ, இங்கிலாந்தில் பாரிஸ்டராகத் தேறுவதாலோ, ஏற்கப்பட்ட வெளிநாட்டுப் பட்டத்துடன் சட்டத் தொழில் தகுதி வாரியம் நடத்தும் சிஎல்பி தேர்வில் வெற்றி பெறுவதாலோ அந்நிலை கிட்டுகிறது. அதன்பின் அவர் பதினெட்டு வயது நிறைந்தவராகவும், நன்னடத்தை உடையவராகவும், குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றவராகவும் இருந்து, தேசிய மொழித் தகுதியையும் நிறைவு செய்து, ஒன்பது மாதப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

இப்பயிற்சியைப் பற்றிய விதிகளில் மாணவர் கவனத்திற்குப் பெரும்பாலும் தப்பிவிடுவது, மாஸ்டராக இருப்பவர் யார் என்பதைச் சட்டம் வரையறுக்கும் முறையாகும். பயிற்சி தொடங்கும் நாளுக்கு முன் மொத்தம் ஏழு ஆண்டுகளுக்குக் குறையாமல் மலேசியாவில் தொழில் நடத்திய வழக்கறிஞர் ஒருவரே மாஸ்டராக இருக்க முடியும் என்று சட்டம் கூறுகிறது. அந்தப் பொறுப்பை அது ஒரு நிறுவனத்தின் மீது சுமத்தவில்லை. பெயரும் கையொப்பமும் உடைய ஒரு மனிதர் மீதே சுமத்துகிறது. ஒன்பது மாத முடிவில், இவர் ஒழுங்காகப் பயின்றார், வழக்கறிஞராக ஏற்கத் தக்கவர் என்று உயர் நீதிமன்றத்தின் முன் உறுதி கூற வேண்டியவரும் அந்த மனிதரே. ஆகவே நூறு வழக்கறிஞர்கள் பணியாற்றும் அலுவலகத்தில் இடம் கிடைத்தாலும், மாணவரின் தொழில் வாழ்வைத் தொடக்கத்தில் உருவாக்குபவர் அந்த நூற்றுவருள் ஒருவராகவே இருப்பார்.

பயிற்சிக் காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் எழுத்துவழிச் சிறப்பு அனுமதி இன்றி வேறெந்தப் பதவியும் வேலையும் வகிக்கக் கூடாது என்று சட்டம் தடை செய்கிறது. மாஸ்டரிடமிருந்து ஊதியம் பெறுவதை மட்டும் அத்தடை பாதிக்காது என்று தெளிவுபடுத்துகிறது. ஊதியம் எவ்வளவு என்பதை அவ்விதி கூறாததால், அது மாஸ்டருக்கும் மாணவருக்கும் இடையிலான பேச்சுக்கு உரியதாகிறது. பகுதிநேர வேலை செய்து குடும்பத்திற்கு உதவலாம் என்ற எண்ணத்துடன் பயிற்சியில் சேர்பவர் இத்தடையைப் பின்னர் அறிந்து தவிப்பதைக் காட்டிலும், விண்ணப்பிக்கும் முன்பே அறிந்து, ஒன்பது மாதச் செலவைத் திட்டமிட்டுக்கொள்வது நலம்.

பயிற்சி வெறும் காத்திருப்புக் காலமன்று. தொடக்கக் கட்டத்திலேயே உயர் நீதிமன்றத்தில் மனுவும் உறுதிமொழிப் பத்திரமும் தாக்கல் செய்யப்பட்டு, மனு பற்றிய அறிவிப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகிறது. அரசுத் தலைமை வழக்கறிஞர் துறை, வழக்கறிஞர் மன்றம், மாநில வழக்கறிஞர் குழு ஆகியவை ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை உடையவை. மூன்று மாதம் முடிந்தபின், ‘ஷார்ட் கால்’ எனப்படும் அனுமதியைப் பெற்று, வரையறுக்கப்பட்ட சில விவகாரங்களில் மாணவரே நீதிமன்றத்தில் முன்னிலையாகலாம். மன்றம் நடத்தும் தொழில்நெறி வகுப்புகளும், ஏழைகளுக்குக் கட்டணமின்றி உதவும் சட்ட உதவி மையப் பணியும் இக்காலத்தின் கூறுகளாகும். எல்லாம் நிறைவேறிய பின், ‘லாங் கால்’ எனப்படும் நிகழ்வில் நீதிபதி முன்னிலையில் அவர் வழக்கறிஞராக ஏற்கப்படுகிறார்.

மற்ற நாடுகளின் ஏற்பாடுகளோடு ஒப்பிடும்போது மலேசிய முறையின் தன்மை மேலும் தெளிவாகும். இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதிடும் பாரிஸ்டர் ஒரு பிரிவினர், கட்சிக்காரருக்கு ஆலோசனை கூறி ஆவணம் எழுதும் சொலிசிட்டர் மற்றொரு பிரிவினர். பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள் சொலிசிட்டர் பயிற்சிக்கு இரண்டாண்டு ஒப்பந்தம் தருவது நெடுங்கால வழக்கம். 2021ஆம் ஆண்டில் வந்த புதிய தகுதித் தேர்வு முறையில் அந்த இரண்டாண்டு அனுபவத்தை நான்கு நிறுவனங்கள் வரை பிரித்துப் பெறலாம். இந்தியாவில் வழக்கறிஞர் கழகம் 1995இல் வகுத்த பயிற்சி விதிகளை உச்ச நீதிமன்றம் 1999ஆம் ஆண்டு சுதீர் வழக்கில் செல்லாதென அறிவித்தது. அதனால் அங்கே பட்டம் பெற்றவர் பதிவு செய்துகொண்டு, 2010இல் அறிமுகமான அகில இந்திய வழக்கறிஞர் தேர்வை எழுதுகிறார். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மூத்தவர் ஒருவரின் அலுவலகத்தில் ஜூனியராகச் சேர்வது இன்றும் வழக்கமாக இருப்பினும், அது சட்டக் கட்டாயமன்று. இலங்கையில் ஆறு மாதத் தொழிற்பழகல் கட்டாயம். சிங்கப்பூரில் ஆறு மாதமாக இருந்த பயிற்சிக் காலம் அண்மையில் ஓராண்டாக நீட்டப்பட்டது. மலேசியாவிலோ வாதாடுபவரும் ஆவணம் எழுதுபவரும் ஒருவரே. ஒன்பது மாதமே கிடைக்கும் அக்காலத்தில் இருவகைத் தொழிலின் அடிப்படையையும் கற்றாக வேண்டும். காலம் குறுகியதாகவும் பாடம் விரிந்ததாகவும் இருக்கும் இடத்தில் ஆசிரியர் தேர்வு இரட்டிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

இனி, பினாங்கில் வணிகச் சட்டம் என்பது எதைக் குறிக்கிறது என்பதை ஆராய வேண்டும். இத்தீவின் நீதித்துறை மலேசியாவிலேயே பழமை வாய்ந்தது. 1807ஆம் ஆண்டின் நீதிச் சாசனம் இங்கே முறையான நீதிமன்றத்தை நிறுவ, ரெக்கார்டர் எனப்பட்ட நீதிபதிப் பதவியை முதலில் வகித்த சர் எட்மண்ட் ஸ்டான்லி 1808இல் அதைத் தொடங்கி வைத்தார். துறைமுக வணிகம் செழித்த அந்நூற்றாண்டில் லெபு பினாங்கின் கிட்டங்கிகளில் அமர்ந்து கடன் கொடுத்த நகரத்தார், ஒவ்வொரு தொழிலகத்தையும் விலாசம் எனப்படும் தலைப்பெழுத்துகளால் அடையாளப்படுத்தி, ஊரிலிருக்கும் முதலாளியின் சார்பில் அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜெண்டுகள் வழியாக நடத்தினர். முதலாளியை ஏஜெண்டின் செயல் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும், அடமானத்தின் முன்னுரிமை எப்படித் தீர்மானிக்கப்படும், புரோநோட்டின் மீது எக்காலம் வரை வழக்குத் தொடரலாம் என்பன போன்ற கேள்விகள் அவ்வணிகத்திலிருந்தே எழுந்தன. இன்றைய வணிகச் சட்ட மாணவர் முகவாண்மை என்றும் பிணை என்றும் பாடநூலில் படிப்பவை, பினாங்குத் தமிழர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அன்றாடம் நடத்திய தொழிலின் சட்ட வடிவங்களே.

அப்பழமையின் தடம் இன்றைய சட்டத்திலும் உண்டு. 1956ஆம் ஆண்டின் குடிமைச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, உள்நாட்டுச் சட்டம் ஏதும் இல்லாத வணிக விவகாரங்களில் இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றலாம் என்கிறது. ஆனால் தீபகற்பத்தின் ஏனைய மாநிலங்களுக்கு 1956 ஏப்ரல் 7ஆம் நாளில் நிலவிய இங்கிலாந்துச் சட்டம் பொருந்த, பினாங்கிற்கும் மலாக்காவிற்கும் அந்தந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நிலவும் சட்டம் பொருந்துகிறது. நிலத்திலும் இத்தகைய வேறுபாடு உள்ளது. பழைய பத்திர முறையிலிருந்து பதிவு உரிமை முறைக்குப் பினாங்கையும் மலாக்காவையும் கொண்டுவர 1963ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தோடு அதையும் சேர்த்துப் படிக்காமல் ஜார்ஜ் டவுனின் பழைய மனை ஒன்றின் உரிமையை ஆராய இயலாது.

புதிய வணிகமோ தீவின் தென்கிழக்கில் உருவானது. 1972ஆம் ஆண்டளவில் பாயான் லெப்பாஸ் தொழில் மண்டலம் தொடங்கப்பட்டு, இன்டெல், ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட் முதலிய நிறுவனங்கள் வந்தபின், பினாங்கு வழக்கறிஞரின் மேசைக்கு ஆலை நிலக் குத்தகை, இயந்திர வழங்கல் ஒப்பந்தம், தொழிலாளர் தகராறு, காப்புரிமை உரிமம் ஆகியவை வரத் தொடங்கின. அடுக்ககங்கள் பெருகியதும் வீட்டு மேம்பாட்டாளர், வங்கி, வாங்குபவர் ஆகிய மூவருக்கும் இடையிலான ஆவணப் பணி விரிந்தது. கட்டுமானத் துறையில் 2012ஆம் ஆண்டின் கட்டணத் தீர்ப்புச் சட்டம் 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின், நிலுவைக் கோரிக்கைக்குப் பத்து வேலை நாட்களுக்குள் பதில் அளிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. இவை அனைத்தையும் சேர்த்தே பினாங்கின் வணிகச் சட்டம் என்று கொள்ள வேண்டும். பன்னாட்டுப் பங்குச் சந்தைப் பேரங்களை மட்டும் மனத்தில் வைத்து விண்ணப்பிக்கும் மாணவர், தம் ஊரில் உண்மையில் நடக்கும் வேலையை அறியாதவராகவே மதிப்பிடப்படுவார்.

நிறுவனங்களின் வகைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். 1905இல் தோன்றிய ஷேர்ன் டெலமோர், 1963இல் தோன்றிய ஸ்கிரைன் போன்ற பெரிய நிறுவனங்கள் கோலாலம்பூரைத் தலைமையிடமாகக் கொண்டவை. அவற்றில் துறைப் பிரிவு ஆழமானது, போட்டியும் மிகுதி. பினாங்கில் பெரும்பாலானவை சில பங்காளிகள் நடத்தும் சிறிய, நடுத்தர நிறுவனங்கள். பெரிய நிறுவனத்தில் ஒரு பெரும் பேரத்தின் சிறு பகுதியை மாணவர் நுணுக்கமாகக் கற்பார். நடுத்தர நிறுவனத்தில் கட்சிக்காரரின் முதல் சந்திப்பு முதல் ஆவணப் பதிவு வரை முழு விவகாரத்தையும் காண்பார். எது உயர்ந்தது என்பதற்குப் பொது விடை இல்லை. ஆயினும் ஒன்பது மாதம் முழுவதும் நிலப் பரிமாற்றப் படிவமான 14ஏ-யை நிரப்புவதிலேயே கழிந்துவிடும் இடமும், நிறுவன வழக்கு என்ற பெயரில் கோப்பு சுமப்பதோடு முடிந்துவிடும் இடமும், அவற்றின் பெயர்ப்பலகை எவ்வளவு புகழ் பெற்றதாயினும், நல்ல பயிற்சி இடங்கள் ஆகா.

விண்ணப்பத்தின் கால அட்டவணை இறுதித் தேர்வு முடிவுக்குப் பின் தொடங்குவதன்று. பல்கலைக்கழக விடுமுறையில் ஓர் அலுவலகத்தில் சில வாரம் வேலை பார்ப்பதை மாணவர் ‘அட்டாச்மென்ட்’ என்பர். பயிற்சி இடத்திற்கு அதுவே இயல்பான வாயில், ஏனெனில் அந்த வாரங்களில் இரு தரப்பும் ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றன. பெரிய நிறுவனங்கள் பல மாதங்களுக்கு முன்பே இடங்களை நிரப்பிவிடுகின்றன. சிறிய நிறுவனங்கள் தேவை எழும்போது எடுக்கின்றன. சிஎல்பி எழுதுவோர் முடிவு வரும்வரை காத்திருக்காமல், முடிவு நிலுவையில் உள்ளது என்பதைத் தெளிவாக எழுதி முன்னதாகவே விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பம் பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது: முகப்புக் கடிதம், தன்விவரக் குறிப்பு, மதிப்பெண் பட்டியல். இவற்றுள் மாணவரின் கைவண்ணம் வெளிப்படுவது முகப்புக் கடிதத்தில்தான். அது ஒரு பக்கத்திற்கு மேற்படாமல், யாருக்கு எழுதப்படுகிறதோ அந்த வழக்கறிஞரின் பெயரைச் சரியாகக் குறிப்பிட்டு, மூன்று கேள்விகளுக்கு விடை கூற வேண்டும்: எத்துறையைக் கற்க விருப்பம், அத்துறையை அவரிடம் கற்க விரும்புவது ஏன், அதற்கு மாணவர் இதுவரை செய்த ஆயத்தம் என்ன. ‘வணிகச் சட்டத்தில் பேரார்வம் உடையேன்’ என்னும் வரி எதையும் மெய்ப்பிப்பதில்லை. அதே மாணவர், 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தில் சிறுபான்மைப் பங்குதாரரின் பரிகாரம் பற்றி இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியதையும், அம்மூத்த வழக்கறிஞர் முன்னிலையாகிச் சட்ட அறிக்கைகளில் வெளியான தீர்ப்பு ஒன்றைப் படித்ததையும் இரண்டு வாக்கியங்களில் எழுதினால், ஆர்வம் தானே புலப்படும். வெளியான தீர்ப்புகளில் வாதாடிய வழக்கறிஞர் பெயர்கள் அச்சிடப்பட்டிருப்பதால், மாஸ்டராக வரத்தக்கவர் எத்தகைய வழக்குகளை நடத்துகிறார் என்பதை எந்த மாணவரும் நூலகத்தில் அமர்ந்தே அறியலாம்.

கடிதத்தின் மொழிப்பிழைகளை நிறுவனங்கள் கடுமையாக மதிப்பிடுவது வீண் கெடுபிடியன்று. ஒப்பந்த மீறல் வழக்கை ஆறாண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்று காலவரம்புச் சட்டம் கூறும்போது ஒரு தேதியைத் தவறாகக் குறித்தால் கட்சிக்காரரின் உரிமையே அழிந்துபோகும். தம் சொந்தக் கடிதத்தில் நிறுவனத்தின் பெயரைப் பிழையாக எழுதியவர் பிறர் சொத்தின் பெயரையும் எண்ணையும் சரியாக எழுதுவார் என்று நம்ப மூத்தவருக்குக் காரணம் இல்லை. இதே நோக்கில், எழுத்துத் திறனுக்குச் சான்றாக அட்டாச்மென்ட் காலத்தில் தயாரித்த ஆவணத்தை இணைப்பது பெருந்தவறு. அது கட்சிக்காரரின் இரகசியத்தை வெளியிடுவதாகும், அதைப் படிக்கும் மூத்தவர் நாளை தம் கோப்பும் இவ்வாறே வெளியே போகும் என்று முடிவு செய்வார். பல்கலைக்கழகக் கட்டுரையோ மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எழுதிய வாதவுரையோ போதுமானது. நன்னடத்தை பற்றிய எந்த விவரத்தையும் மறைத்தலும் கூடாது. மனு பொதுப் பார்வைக்கு வரும்போது மறைத்தது வெளிப்பட்டால், மறைக்கப்பட்ட செய்தியைக் காட்டிலும் மறைத்த செயலே பெரிய தடையாகும்.

நேர்காணலில் இருபக்கமும் தேர்வு நடைபெறுகிறது. மூத்தவர் மாணவரிடம் அண்மைச் சட்டத் திருத்தம் ஒன்றைப் பற்றியோ, ஒரு சிறு சிக்கலைத் தந்து எவ்வாறு அணுகுவீர் என்றோ கேட்கலாம். தெரியாததைத் தெரியாது என்று கூறி, எந்தச் சட்டத்தில் தேடுவேன் என்று விளக்கும் விடை, துணிந்து கூறும் தவறான விடையைவிட மேலானது. மாணவர் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. மாஸ்டர் யார், அவர் எழுதியதைத் திருத்தித் தருவாரா, வழக்கு வேலையும் ஆவண வேலையும் எவ்வாறு பகிரப்படும், ஷார்ட் கால் பெற்றபின் முன்னிலையாகும் வாய்ப்பு உண்டா, மாத ஊதியம் எவ்வளவு, சட்ட உதவிப் பணிக்கும் நெறி வகுப்புக்கும் நேரம் ஒதுக்கப்படுமா, முடிவில் வழக்கறிஞராகத் தொடரும் வாய்ப்பு உண்டா என்பவற்றைப் பணிவோடு கேட்பதில் தவறேதும் இல்லை. ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் கேட்டறிவதையே தொழிலாகக் கொள்ளப் போகிறவர் தம் சொந்த நிபந்தனைகளைக் கேட்கக் கூசுவது பொருந்தாது.

தமிழ் மாணவரைப் பற்றித் தனியே சிலவற்றைக் கூற வேண்டும். தோட்டத்திலிருந்தோ தொழிற்சாலைக் குடும்பத்திலிருந்தோ வந்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறும் மாணவருக்கு மாமனோ சித்தப்பாவோ வழக்கறிஞராக இருப்பதில்லை. தெரிந்தவர் வழியாக இடம் பெறும் வாய்ப்பு அவருக்கு அடைபட்டிருப்பதாகவே தோன்றும். ஆனால் மலேசிய வழக்கறிஞர் சமூகத்தில் தமிழர் நெடுங்காலமாக முன்னணியில் உள்ளனர். ஈப்போவில் டி. ஆர். சீனிவாசகம் வழக்கறிஞராகவும் மக்கள் பிரதிநிதியாகவும் விளங்கினார். பரம் குமாரசாமி 1986 முதல் 1988 வரையிலும், அம்பிகா சீனிவாசன் 2007 முதல் 2009 வரையிலும் வழக்கறிஞர் மன்றத்தின் தலைமையை வகித்தனர். உறவின் இடத்தை மாநில வழக்கறிஞர் குழு நடத்தும் நிகழ்வுகளும், சட்ட உதவி மையத் தொண்டும், திறந்த நீதிமன்றத்தில் அமர்ந்து விசாரணை கேட்பதும் ஓரளவு நிரப்பக்கூடும். அங்கே அறிமுகமாகும் மூத்தவருக்கு எழுதும் கடிதம் முன்பின் அறியாதவர் கடிதமாக இராது.

மொழியும் இம்மாணவரின் முதலீடே. நீதிமன்றத்தின் மொழி மலாய். வணிக ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. ஆயினும் குடும்பத் தொழிலைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வரும் முதியவர், அறக்கட்டளைச் சொத்தைப் பற்றிக் கேட்க வரும் கோயில் நிர்வாகி, தமிழ்நாட்டிலிருந்து பொருள் தருவிக்கும் வணிகர் ஆகியோர் தமிழில் பேசும்போதே தம் விருப்பத்தை முழுமையாக வெளியிடுகின்றனர். தமிழில் கேட்டு, ஆங்கிலத்தில் ஆவணம் எழுதி, மலாயில் வாதிடக்கூடியவர் நிறுவனத்திற்குத் தரும் பயன் தெளிவானது. அதைத் தன்விவரக் குறிப்பின் கடைசி வரியில் ஒளித்து வைக்காமல், எந்த அளவு பேசவும் எழுதவும் இயலும் என்பதோடு முகப்பிலேயே கூறலாம்.

கடமை மாணவருக்கு மட்டும் உரியதன்று. ஏழாண்டு தொழில் நடத்திய ஒருவருக்குச் சட்டம் மாஸ்டர் என்னும் தகுதியைத் தருவது, அடுத்த தலைமுறையை அவர் உருவாக்குவார் என்ற நம்பிக்கையாலேயே ஆகும். காலியிடத்தை வெளிப்படையாக அறிவித்தல், விண்ணப்பித்தவருக்கு இல்லை என்றாவது ஒரு வரி பதில் எழுதுதல், வேறு வேலை பார்க்கச் சட்டம் இடங்கொடாத ஒருவர் வாடகையும் பயணச் செலவும் கொடுத்து வாழக்கூடிய ஊதியம் வழங்குதல், எழுதியதைத் திருத்திக் காரணம் கூறுதல் ஆகிய நான்கும் அந்நம்பிக்கைக்குச் செலுத்தும் கடன்களாகும். ஊதியம் கட்டுப்படியாகாத காரணத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே வணிகச் சட்டத்தில் நுழைய முடியுமானால், இழப்பு ஏழை மாணவருக்கு மட்டுமன்றித் தொழிலுக்கும் உண்டு.

ஆகவே பினாங்கில் வணிகச் சட்டம் பயில விரும்பும் ஒவ்வொரு மாணவரும் நாற்பது அலுவலகங்களுக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதை விடுத்து, நான்கு மூத்த வழக்கறிஞர்களைத் தேர்ந்து, அவர்கள் நடத்திய வழக்குகளைப் படித்து, நான்கு வெவ்வேறு கடிதங்களை எழுதட்டும். பட்டதாரிப் பிள்ளைகளின் பெற்றோர், எந்த நிறுவனம் என்று கேட்பதோடு நில்லாமல், யாரிடம் பயிலப் போகிறாய் என்றும் கேட்கட்டும். மூத்த வழக்கறிஞர்கள், அறிமுகம் ஏதுமின்றி வரும் கடிதங்களுள் ஒன்றையேனும் இவ்வாண்டு முழுமையாகப் படித்து, எழுதியவரை நேரில் அழைத்துப் பேசட்டும்.